நாற்பதாம் நாளும் நான்கு டின் சூரை மீனும்

1

ரோஷன் பீ என்பது அவள் பெயர். வயது முப்பத்தாறு. ரொட்டியை அறுக்குமுன் கத்தியை அடுப்புத் தணலில் ஒரு கணம் காட்டி எடுப்பாள். அவ்வாறு செய்தால் துணுக்கு உதிராது என்பது அவள் கண்டறிந்தது. நறுக்கிய வெங்காயத்தை உப்பு நீரில் மூன்று முறை அலசுவாள். கணவனிடமிருந்து கடிதம் வந்தால் உடனே பிரிக்கமாட்டாள். உறையை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்துவிட்டு, அடுக்களை வேலை முடிந்தபின் பிரிப்பாள்.

இப்பழக்கங்களுள் ஒன்றையேனும் நான் நேரிற் கண்டதில்லை. அப்பெயருடையாள் ஒருத்தியை நான் அறிந்ததுமில்லை. இக்கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. செஞ்சிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ரொட்டிக் கடை. ஆண்டு 1987, ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு பிற்பகல். கடைக்காரர் துரைக்கண்ணு பன்னைத் தாளிற் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

“நாப்பதாம் நாள் பாத்தியாவுக்கு ரெண்டு பெரிய ரொட்டி வாங்கினு போறாங்க சார். எந்த ஊர்ல இருக்குது இந்த வழக்கம்?”

எனக்கும் விளங்கவில்லை. இறந்தவர்க்கு நாற்பதாம் நாளில் அவர் விரும்பியுண்ட பண்டங்களைச் சமைத்து வைத்து, ஓதி, வந்தவர்க்குப் பகிர்ந்தளிப்பது இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் வழக்கம். பிரியாணி வைப்பார்கள், சேமியாப் பாயசம் வைப்பார்கள். ரொட்டியோ இவ்வூரில் காய்ச்சற்காரர்க்குப் பாலில் நனைத்துக் கொடுப்பது. அதை விரும்பியுண்டு இறந்தவர் யாராக இருக்கக்கூடும்?

துரைக்கண்ணு சொன்னது அவ்வளவே. மற்றவை யாவும் நான் இட்டுக்கட்டியவை.

2

முதல் தொடக்கம் இவ்வாறு இருந்தது: “இராஜகிரியின் உச்சியில் மேகம் கவிந்திருந்த அந்த மாலையில், வரலாற்றின் சுவடுகளைச் சுமந்த —”

அடித்துவிட்டேன். கோட்டையின்றிச் செஞ்சியைப் பற்றி எழுதலாகாது என்று எவரும் சட்டம் இயற்றவில்லை. ரோஷன் பீயின் தெருவினர் மலையை அண்ணாந்து பார்ப்பது மழை வருமா என்று அறிதற்கு மட்டுமே.

இரண்டாம் தொடக்கம்: “தம்மாமிலிருந்து தந்தி வந்தபோது ரோஷன் பீ அரிசி களைந்து —”

இதையும் அடித்தேன். தந்தி வரும்போது அரிசி களையாத பெண் கதைகளில் இல்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே சொல்கிறேன்.

ரோஷன் பீயின் கணவன் கௌஸ் பாஷா. சவூதி நாட்டுத் தம்மாம் நகரில் ஒரு நிறுவனத்தின் தொழிலாளர் முகாமில், சமையற்கட்டில் பதினோராண்டு வேலை பார்த்தவன். இரண்டாண்டுக்கொரு முறை இரண்டு மாத விடுமுறையில் வருவான். புரட்டாசியில் ஒரு நாள் விடியற்காலை அறையிலுள்ளோர் எழுப்பப் போனார்கள், எழவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். தந்தி செஞ்சிக்கு வந்தது மூன்றாம் நாள். ஆகவே ரோஷன் பீ அவன் முகத்தையும் பார்க்கவில்லை, அவனை அடக்கிய மண்ணையும் பார்க்கவில்லை.

[முதற்படியில் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தனர். இக்கதையில் அவர்களுக்கு வேலையில்லை எனக் கண்டு, ஒரு கோட்டில் நீக்கிவிட்டேன். அதன்பின் அந்த வீட்டுப் பகுதிகளை எழுதும்போது, அறைகள் நான் எண்ணியதைவிடப் பெரியனவாகத் தோன்றின. திரும்பச் சேர்க்க மனம் வரவில்லை.]

3

இனி அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கௌஸ் பாஷாவின் கடிதங்கள் நான்கு வரிக்கு மேற்போகா. நலம், நலமறிய அவா, மழை உண்டா, எனக்காக ஆண்டவனிடம் துஆச் செய்யவும். இரண்டாம் ஆண்டில் ரோஷன் பீ, “அங்கே என்ன சாப்பிடுகிறீர்கள்? உடம்பு இளைத்ததா?” என்று கேட்டு எழுதினாள். அதற்கு வந்த உறை உள்ளங்கையில் கனத்தது. பிரித்தால் மூன்று பக்கம்.

மூன்று பக்கமும் ஒரே பண்டத்தைப் பற்றியது. டூனா என்று ஒரு மீன். நம் கடற்கரையார் சூரை என்பது. அதை வேகவைத்து எண்ணெயோடு டின்னில் அடைத்திருப்பார்கள். மூடியை முழுதும் அறுத்தெடுத்துவிடாமல், அதைக்கொண்டே மீனை அழுத்தி எண்ணெயை வடிக்க வேண்டும். விரலால் உதிர்க்க வேண்டும். கரண்டியால் மசித்தால் களியாகும். வெங்காயம் பொடியாக. எலுமிச்சை இரண்டு சொட்டு. மிளகுத்தூள். முட்டையையும் எண்ணெயையும் அடித்துச் செய்த மயோனைஸ் என்னும் வெண்ணிறக் குழம்பு ஒரு கரண்டி. எல்லாவற்றையும் பிசைந்தால் சாலட். ரொட்டியின் ஓரத்தை நீக்கி, இரண்டு துண்டுக்கு நடுவே பரப்பி, கோணமாக அறுத்தால் சாண்ட்விச். ஈரத்துணி போர்த்தி வைக்காவிட்டால் காய்ந்துவிடும்.

“இதுதான் இங்கே” என்று கடிதம் முடிந்திருந்தது.

ரோஷன் பீ அதை ஒன்பது முறை படித்தாள். தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதவன், ஒரு பண்டத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறான் என்றால் அதன்மீது அவனுக்கு எத்துணை விருப்பம் இருக்க வேண்டும்! அவன் வந்ததும் அதைச் செய்துகொடுப்பது என்று அன்றே முடிவு செய்து, வரும்போது டின் கொண்டுவரச் சொல்லி எழுதினாள்.

அடுத்த விடுமுறைக்கு அவன் ஆறு டின்களும் மயோனைஸ் புட்டி ஒன்றும் கொணர்ந்தான். கடிதத்தில் உள்ளபடியே செய்தாள். துரைக்கண்ணு கடை ரொட்டி கடிதத்து ரொட்டியைவிடச் சற்று இனிப்பு. அதற்கு ஈடாக மிளகைக் கூட்டினாள். அது முதல் வகை.

அதற்கடுத்த முறை புட்டி பெட்டிக்குள் உடைந்து சட்டைகளெல்லாம் பாழாயின. ரோஷன் பீ கெட்டித் தயிரைத் துணியிற் கட்டி இரவெல்லாம் சன்னற் கம்பியில் தொங்கவிட்டாள். காலையில் வெண்ணெய்போல் இறுகியிருந்த அதில் மீனைப் பிசைந்தாள். புளிப்பு ஏறியதால் எலுமிச்சையை விட்டுவிட்டாள். இரண்டாம் வகை. வெயிற்காலத்துக்கு இதுவே ஏற்றது.

மூன்றாம் வகைக்கு அவித்த முட்டையின் மஞ்சட்கருவை மசித்து, சிங்கவரத்துச் செக்கிலிருந்து வாங்கிய கடலை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்தாள். கை ஓயுமட்டும் குழைக்க வேண்டும். நிறம் சரியாக வந்தது. மணம் மட்டும் செஞ்சியின் மணம்.

நான்காம் வகை அவளே கண்டது. பச்சை மிளகாயும் கொத்துமல்லியும் அரிந்து சேர்த்து, ரொட்டியைத் தோசைக்கல்லில் நெய்யிட்டு முறுகவிட்டு, சூடு ஆறுமுன் தின்பது. இதைத் தின்றபோது, ஆண்டவன் மீனைப் படைத்ததே டின்னில் அடைப்பதற்குத்தான் என்று அவளுக்குத் தோன்றிற்று. [இவ்வரி அவளுக்குப் பொருந்துமா என்று ஐயுறுகிறேன். அவள் அவ்வளவு விளையாட்டாக எண்ணுபவளா? ஒரு காலத்தில் எண்ணியிருப்பாள் என்று விட்டுவைக்கிறேன்.]

நான்கையும் உண்டு கௌஸ் பாஷா சொன்னது ஒன்றே.

“நல்லாருக்குது.”

கடைசி விடுமுறையில் கொண்டுவந்தவற்றுள் நான்கு டின்கள் எஞ்சின. அடுத்த வருகைக்கென்று அரிசிப் பானைக்குப் பின்னே அடுக்கி வைத்தாள்.

4

ஹுசைன் பீ என்பவள் கௌஸ் பாஷாவின் அக்காள். தாயை இழந்த தம்பியைத் தோளிற் சுமந்து வளர்த்தவள். அதே தெருவிற் குடியிருப்பவள். தந்தி வந்த நாள்முதல் இவ்வீட்டிலேயே இருக்கிறாள். நாற்பதாம் நாளுக்கு முந்தைய வாரம், என்ன சமைப்பது என்ற பேச்சு எழுந்தது.

“தலைக்கறி,” என்றாள் ஹுசைன் பீ. “தலைக்கறின்னா எந்தம்பி சட்டிய வழிச்சித் தின்னுவான்.”

“அது சின்ன வயசுல அக்கா. இப்ப அவருக்குப் புடிச்சது டின்னு மீனு சாண்டிச்சுதான்.”

“இன்னாது?”

“ரொட்டி. நடுவுல மீனு வச்சி.”

“ரொட்டியப் போயி பாத்தியாவுல வைப்பாங்களா? ஜொரம் வந்தவனுக்குக் குடுக்கறது அது. எந்தம்பி ஜொரத்துல சாவல.”

“அவருக்கு அதான் புடிக்கும்.”

“நீ எத்தினி நாளு இருந்த அவங்கூட? பதினோரு வருசத்துல அஞ்சு வாட்டி வந்தான். ஒரு வாட்டிக்கு ரெண்டு மாசம். நீயே சொல்லு, எவ்ளோ ஆச்சு?”

ரோஷன் பீ எழுந்தாள். உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துவந்து, மூன்று பக்கத்தையும் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள். எழுத்தறியாத ஹுசைன் பீ கையைக் கன்னத்தில் ஊன்றிக் கேட்டிருந்தாள்.

“இது பொண்டாட்டிக்கு எழுதின லெட்டரா, ஓட்டலுக்கு எழுதினதா?” என்றாள் முடிவில். ஆனால் குரல் இறங்கிவிட்டது. தம்பி தனக்கு இப்படி மூன்று பக்கம் எழுதியதில்லை என்பதை அவள் அப்போதுதான் நினைத்திருக்க வேண்டும். “இன்னாவோ பண்ணு. ஓதற அசரத்து மூஞ்ச சுளிச்சாருன்னா என்னிய கேக்காத.”

இந்த வெற்றி சிறிதன்று. முகமும் கல்லறையும் கிட்டாத ஒருத்திக்கு, இறந்தவன் தனக்கு எவ்வளவு உரியவன் என்று காட்ட எஞ்சியிருந்தது இந்த ஓர் அறிவே. அவனுக்கு என்ன பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. நாற்பது நாளில் அவள் உறவினர்முன் நிமிர்ந்து நின்ற நேரம் அதுதான்.

5

நாற்பதாம் நாளுக்கு முந்தின நாள் மாலை கரீம் வந்தான்.

கரீம் தம்மாமில் கௌஸ் பாஷாவின் அறையில் இருந்தவன்; மேல்மலையனூர்ப் பக்கத்து இளைஞன். விடுமுறையில் வரும்போது இறந்தவனுடைய பெட்டியையும் எடுத்துவந்தான். இவனை எழுதுவதில் எனக்குத் தொல்லை மிகுதி. முதற்படியில் வாயாடியாக இருந்தான். அவன் சொன்னதை நானே நம்பவில்லை. இரண்டாம் படியில் ஊமையாக்கினேன், கதை நகரவில்லை. இப்போதுள்ளவன் பொய் சொல்லக் காரணம் இல்லாதவன். இத்தகையோரே பெருந்தீங்கு செய்கின்றனர்.

ஒன்று சொல்ல வேண்டும். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியாடவர் முன்னே வருவதில்லை. அதை இத்தா என்பர். ஆகவே கரீம் முன்னறையில் ஹுசைன் பீயின் கணவன் சிராஜுதீனோடு அமர்ந்திருக்க, ரோஷன் பீ உள்ளறையில் திரைக்குப் பின்னே இருந்தாள். நானும் வெளியாடவன், திரைக்கு இப்பால் நிற்பதே முறை. ஹுசைன் பீ எதிர்வீட்டில் அண்டா கேட்கப் போயிருந்தாள். திரைக்குப் பின்னே ஒருத்தி இருப்பது கரீமுக்குத் தெரியாது. கூடத்தில் பேசினால் அடுக்களைவரை கேட்காத பெரிய வீடு அவன் வீடு.

சிராஜுதீன் கடைத்தெருவில் தையற்காரர். பேச்சு எளிதில் வராத மனிதர். ஏதாவது பேச வேண்டுமே என்று சொன்னார்:

“நாளைக்கு அந்த மீனு ரொட்டிதான் வைக்கிறாங்க. அவனுக்கு ரொம்பப் புடிக்குமாமே.”

“யாருக்கு பாய்?”

“நம்ம கௌஸுக்கு.”

கரீம் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

“யாரு சொன்னது உங்களுக்கு? அண்ணன் அத வாயிலயே வைக்கமாட்டாரு. டெய்லி காத்தால முந்நூறு செய்யணும் பாய். பதினோரு வருசம். கை நாத்தம் போவலன்னு எலுமிச்சந்தோல வச்சித் தேய்ச்சிக்கினே இருப்பாரு. டின்ன தொறந்தாலே மூஞ்சத் திருப்பிக்குவாரு. வெள்ளிக்கிழம லீவுல ரூம்ல பருப்பு கடைவாரு. பருப்பு, சோறு, ரெண்டு மோர் மொளகா. அத சாப்புடறப்போ அவருகிட்ட யாரும் பேசக்கூடாது. சிரிப்போம் நாங்க.”

“அப்பறம் எதுக்கு ஒவ்வொரு வாட்டியும் டின்ன தூக்கினு வந்தான்?”

“அண்ணிக்காக. ‘எங்க வூட்டுக்காரிக்கு அந்த மீனுன்னா உசுரு கரீமு, விதவிதமா செய்யுது’ம்பாரு. ‘லீவுல போயும் அதே டூட்டியா அண்ணே’ன்னு ஓட்டுவோம். ‘அது சந்தோசமா சாப்புடும்டா’ம்பாரு. இந்த வாட்டிக்கும் சேத்து வச்சிருந்தாரு. பெட்டியில இருக்குது பாருங்க, ஆறு டின்னு.”

[இவ்விடத்தில் திரை அசைந்தது என்று எழுதலாம். காற்றில்லாத மாலை. திரை அசையவில்லை.]

சிராஜுதீன் திரையைப் பார்த்தார். கரீமும் அவர் பார்த்த திசையில் பார்த்தான்.

“நான் எதுனா தப்பா சொல்லிட்டனா பாய்?”

“இல்லப்பா. டீ ஆறிப்போவுது, குடி.”

6

திரைக்குப் பின்னே என்ன நிகழ்ந்தது என்று நான் எழுத முற்பட்ட வாக்கியங்கள் கீழே உள்ளன.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு —

அவளுக்கு முதலில் தோன்றியது சினம். சொல்லியிருக்கலாமே என்று —

அவள் எண்ணிப் பார்த்தாள்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அவள் எண்ணிப் பார்த்தாள். முதற்பாதியை அவன் மருந்துபோல் விரைந்து விழுங்கித் தண்ணீர் குடிப்பான். மறுபாதியை அவள் பக்கம் தள்ளி, “நீ சாப்டு” என்பான். அன்பு என்று எண்ணினாள். [அன்புதானே? இதை எழுதும்போது எனக்கும் குழம்புகிறது.] உண்டபின் கிணற்றடியில் நெடுநேரம் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவான். அயல்நாட்டுத் துப்புரவு என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள். ஒவ்வொரு விடுமுறையிலும் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, “வெறும் பருப்பு போதுமே” என்பான். “அவ்ளோ தூரத்துல இருந்து வந்துட்டு பருப்பா திம்பாங்க?” என்று அவளே மறுத்துவிட்டாள். ஐந்து விடுமுறையிலும் மறுத்தாள்.

கடிதத்தின் நீளத்தைக்கொண்டு விருப்பத்தை அளந்தாள். அவள் பிழை அதுவே. கடிதத்தில் மட்டுமே குடும்பம் நடத்தியவர்களுக்கு வேறு அளவுகோல் ஏது? மனிதன் தான் விரும்புவதைப் பற்றி நீளமாக எழுதுவதில்லை. தனக்கு நாள்தோறும் நேர்வதைப் பற்றியே எழுதுகிறான். “இதுதான் இங்கே” என்று அவன் முடித்திருந்தானே, அது விருப்பத்தின் குரலன்று. கேட்டவளுக்கு உண்மையைச் சொல்லியிருந்தான். மூன்று பக்கம் புலம்பியிருந்தான். அதைச் சமையற்குறிப்பாகப் படித்து, அவன் தப்பி வந்த இடத்தை அவன் வீட்டு அடுக்களையில் நான்கு வகையாகச் செய்து வைத்தாள்.

இந்தக் கடைசி வாக்கியம் கொடியது. அவள் இதை இவ்வளவு தெளிவாக எண்ணியிருக்கமாட்டாள் என்று நம்பவே விரும்புகிறேன்.

7

கரீம் போய்விட்டான். சிராஜுதீன் கடையைப் பூட்டி வருவதாகச் சொல்லி எழுந்தார். திரைப்பக்கம் நின்று, யாரிடமென்றில்லாமல், “எங்காதுல ஒண்ணும் விழல” என்று கூறிவிட்டுச் செருப்பை மாட்டினார். அவர் சொல்லமாட்டார், அதை அவள் அறிவாள். கரீம் மறுநாள் தன் ஊரில் இருப்பான். ஹுசைன் பீக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அவள் வென்றது வென்றதாகவே இருக்கலாம்.

இங்கே நான் மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: அவள் ஒன்றும் சொல்லாள். காலையில் டின்கள் திறக்கப்படும். அசரத்து முகம் சுளிப்பார். ஹுசைன் பீ தெருவெல்லாம், “எந்தம்பிக்கு இதான் உசுரு” என்று சொல்லுவாள். நடைமுறைக்கு ஒத்த முடிவு. ஆண்டுக்கொரு முறை அதையே செய்து வைத்து, பொய்யும் பழகிவிடும்.

இரண்டாவது: கரீம் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து, தான் விளையாட்டாகச் சொன்னதாகக் கூறுவான். இதை எழுதி முடித்தபோது நெஞ்சு இலேசாயிற்று, ஆகையினாலேயே கிழித்தேன்.

மூன்றாவது: அவள் பத்து டின்களையும் கிணற்றில் எறிவாள். இதை ஒரு நண்பரிடம் படித்துக் காட்டினேன். “அது குடிதண்ணிக் கெணறு சார்,” என்றார்.

நாற்பதாம் நாள் அந்த வீட்டில் என்ன வைத்தார்கள் என்று துரைக்கண்ணுவைக் கேட்டால் ஒருகால் தெரியவரலாம். நான் கேட்கவில்லை. வேறு முடிவு வேண்டுவோர்க்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன்.

. . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . .

எழுதாதோர்க்கு, திரைக்கு இப்பால் நின்று நான் கேட்டது இது.

ஹுசைன் பீ அண்டாவோடு திரும்பினாள். அதைச் சுவரோரம் கவிழ்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“எதுத்த வூட்டுக்காரி கேக்கறா, ரொட்டி வைக்கிறதுக்கு அண்டா எதுக்குன்னு. நான் இன்னா சொல்றது? அந்த டின்ன எப்ப தொறக்கணும், இப்பவா காலையிலயா?”

“தொறக்க வேணாம் அக்கா.”

“ஏன், கெட்டுப்போச்சா?”

“இல்ல. அவருக்கு அது புடிக்காது.”  அளவான குரலிலேயே தொடர்ந்தாள். “எனக்குத்தான் புடிச்சிருந்துது. அவருக்குப் புடிக்கும்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்.”

ஹுசைன் பீ யார் சொன்னது என்று கேட்கவில்லை. வென்றவள் குரலில் அன்றி, மெல்லக் கேட்டாள்:

“அப்ப தலைக்கறி வாங்கியாரச் சொல்லட்டுமா?”

“அதுவும் வேணாம் அக்கா. நாளைக்குப் பருப்பு கடைஞ்சி சோறு வைக்கிறேன்.”